தண்ணி, ஐஸ், ஆவி: பசங்களுக்கு மூவொரு கடவுளை எப்படிச் சொல்றது?

மறைக்கல்வி டீச்சர் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். ஞாயிறு பூசை முடிஞ்சதும் கோயில் தாழ்வாரத்துல மறைக்கல்வி எடுக்கிறேன். ஆறாவது, ஏழாவது படிக்கிற பசங்க பதினாலு பேர். இன்னிக்குப் பெந்தகோஸ்து, தூய ஆவியார் இறங்கி வந்த நாள். அடுத்த ஞாயிறு மூவொரு கடவுள் பெருவிழா, அதாவது தந்தை, மகன், தூய ஆவியார் மூணு பேரும் ஒரே கடவுள்ங்கற விசுவாசத்துக்கான விழா. ரெண்டையும் சேர்த்தே சொல்லிடலாம்னு ஃபிளாஸ்க்ல கொதிக்கிற தண்ணி, டிபன் பாக்ஸ்ல ஐஸ் கட்டி, சொம்புல பச்சத் தண்ணி எல்லாம் எடுத்துட்டுப் போனேன். எட்டு வருஷமா இப்படித்தான் சொல்றேன். ஐஸும் தண்ணிதான், ஆவியும் தண்ணிதான், மூணாத் தெரியறது ஒண்ணுதான். ஃபிளாஸ்க் மூடியைத் திறந்ததும் ஒரு பையன் கத்தினான்: "மிஸ், ஆவி! தூய ஆவியார்!" எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் பெருமையா இருந்துச்சு.

புதுசா வந்திருக்கிற உதவிப் பங்குத்தந்தை கதவோரம் நின்னு கேட்டிருக்கார். பசங்க போனப்புறம் கிட்ட வந்து, "நல்லா எடுக்கறீங்க டீச்சர். ஆனா இந்தத் தண்ணி உதாரணம் சபெல்லியுஸ்னு ஒருத்தர் சொன்ன மாதிரி ஆயிடும். மூணாம் நூற்றாண்டுலேயே திருச்சபை வேணாம்னு தள்ளினது"ன்னார். திட்டல, சிரிச்சிகினே சொன்னார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

எட்டு வருஷம்னா நூறு பசங்களாவது இருக்கும். அத்தனை பேர் தலையிலயும் தப்பை ஏத்தி அனுப்பிட்டேனா? சரி, தண்ணி வேணாம். அப்ப இன்னாதான் சொல்றது? கையில ஆறு நாள் இருக்கு.

பாதியில் திரும்பியவன் | ஞாயிறு, இரவு 10.15

டீச்சர், மொதல்ல தூங்குங்க. கத்தோலிக்க உலகத்துல பாதிப் பேர் தண்ணி உதாரணம் கேட்டுத்தான் வளர்ந்தாங்க. சாமியாராகப் படிக்கிற செமினரியில அஞ்சு வருஷம் இருந்து திரும்பினவன் நான். மொத வருஷம் நானும் பரீட்சையில அதையே எழுதி மார்க் போச்சு.

ஃபாதர் சொன்னது ஏன்னு சொல்றேன். நம்ம பக்கம் தெருக்கூத்து பார்த்திருப்பீங்க. ஆள் பத்தாத சபையில ஒருத்தரே ராத்திரி முழுக்க மூணு வேஷம் கட்டுவார். ஒரு வேஷம் உள்ள போனாத்தான் அடுத்தது வெளிய வரும். கடவுளும் அப்படித்தான், படைக்கும்போது தந்தை வேஷம், மீட்கும்போது மகன் வேஷம், அப்பால ஆவி வேஷம்னு சொன்னா அது சபெல்லியுஸ் வழி. தண்ணி உருகி, கொதிச்சு, ஆவியாகிறதும் அதேதான்.

நற்செய்தி அப்படிச் சொல்லல. யோர்தான் ஆத்துல இயேசு திருமுழுக்கு வாங்கறப்ப மகன் தண்ணியில நிக்கிறார், ஆவியார் புறா வடிவில் இறங்கறார், தந்தையோட குரல் வானத்திலிருந்து கேட்குது. மூணும் ஒரே நேரம். கெத்சமனித் தோட்டத்துல இயேசு "அப்பா"ன்னு கூப்பிட்டு வேண்டினாரே, அது வேஷம்னா அவர் தனக்குத்தானே பேசிக்கிட்டதா ஆயிடும். அங்கதான் அந்த உதாரணம் உடையுது.

தமிழ்ல இது இன்னும் பெரிய கண்ணி. மத்த பாஷைக்காரனுக்கு நீராவிக்கு ஒரு சொல், தூய ஆவிக்கு வேற சொல். நமக்கு ரெண்டுக்கும் ஒரே "ஆவி". உதாரணம் தானா வந்து மடியில உட்காருது. உங்க பையன் கத்தினதுல தப்பே இல்ல.

வாலாஜா இயற்பியல் | ஞாயிறு, இரவு 10.31

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே பாத்திரத்தில் இருக்க முடியும். 0.01 டிகிரி செல்சியஸ், சுமார் 611 பாஸ்கல் அழுத்தம். மும்மைப் புள்ளி என்போம். ஆக, "ஒரே நேரத்தில் இருக்காது" என்ற வாதம் செல்லாது.

பாதியில் திரும்பியவன் | ஞாயிறு, இரவு 10.38

இந்தப் பதில் வரும்னு தெரியும் சார், எந்த இழையிலயும் ஒருத்தர் வந்துடுவார் :) அந்தப் பாத்திரத்துலயும் ஐஸா இருக்கிற நீர் வேற, ஆவியா இருக்கிற நீர் வேற. மொத்த நீரும் ஐஸாவும், அதே மொத்த நீரும் ஆவியாவும் இல்லையே. தந்தை முழுக் கடவுள், மகன் முழுக் கடவுள், ஆவியார் முழுக் கடவுள். மூணுல ஒரு பங்கு யாருக்கும் கிடையாது.

சத்துவாச்சாரி வாசி | திங்கள், காலை 7.05

எங்க காலத்துல முட்டை: ஓடு, வெள்ளை, மஞ்சள். போன வருஷம் என் பேரன் ஆட்டோ சொன்னான், மூணு சக்கரம், ஒரு வண்டி. எனக்குப் பிடிச்சுது.

பாதியில் திரும்பியவன் | திங்கள், காலை 7.20

பேரனுக்கு என் வணக்கம் ஐயா. ஆனா ஒரு சக்கரத்தைக் கழட்டி வெச்சா அது ஆட்டோ இல்லையே, சக்கரம்தானே. முட்டை ஓடும் முட்டை இல்ல, குப்பைக்குப் போறது. வெற்றிலை பாக்கு சுண்ணாம்பு சேர்ந்து சிவக்கிறதும் இதுல சேர்த்தி. அயர்லாந்துல புனித பேட்ரிக் மூவிலைத் தழையைக் காட்டினதா ஒரு கதை உண்டு. நம்ம ஊர்னா வில்வ இலையைக் காட்டியிருப்பார், ஆனா அதை ஏற்கெனவே சிவனுக்கு எழுதி வெச்சாச்சு. எந்த இலையானாலும் பாகம் பாகம்தான். வேஷம் ஒரு பள்ளம், பாகம் இன்னொரு பள்ளம். தனித்தனியா மூணு சாமின்னு சொல்லிடறது மூணாவது பள்ளம்.

1215ல ஆயர்கள் கூடின நாலாம் லாத்தரன் சங்கம் ஒரு விதி வெச்சிருக்கு. படைச்சவருக்கும் படைப்புக்கும் எந்த ஒப்புமை சொன்னாலும், ஒத்துப்போறதைவிட ஒத்துப்போகாதது பெருசா இருக்கும். அதனால உதாரணமே கூடாதுன்னு இல்ல. சொன்ன கையோட அது எங்க உடையுதுன்னும் சொல்லிடணும்.

ஆரணித் தமிழாசிரியர் | திங்கள், மாலை 5.50

பணி ஓய்வு பெற்றவன். மறையியல் அறியேன், சொற்களைக் கொஞ்சம் அறிவேன். இந்த இழையில் எனக்குச் சுவையாகத் தோன்றியது உதாரணங்கள் அல்ல, சொற்கள்தாம்.

என் பாட்டி சிலுவை போடும்போது "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து" என்றே சொல்வார். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல் அது. தமிழில் ஈடு கிடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா காலத்தில் "பரிசுத்த ஆவி". நான் வளர்ந்தபின் "தூய ஆவி". இப்போது "தூய ஆவியார்". எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குள் ஒரு "ஆர்" விகுதி வந்து சேர்ந்திருக்கிறது. சிறிய மாற்றம் என்று பலர் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. "ஆவி வந்தது" என்றால் அஃறிணை, காற்றைப் போல ஒரு பொருள், ஓர் ஆற்றல். "ஆவியார் வந்தார்" என்றால் உயர்திணை, முகம் பார்த்துப் பேசக்கூடிய ஒருவர். கி.பி. 381இல் கான்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் ஆவியாரைத் தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆராதிக்கப்படுபவர் என்று அறிக்கையிட்டது. அந்த அறிக்கையைத் தமிழ் ஒரே விகுதியில் சொல்லிவிடுகிறது. (ஆவி என்றதும் பிள்ளைகள் பேய் என்று பயப்படுவது வேறு கதை. பழந்தமிழில் ஆவி என்றால் உயிர், மூச்சு. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் மூச்சு, காற்று என்ற பொருள்தான். பேய் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.)

அடுத்தது "ஆள்". பழைய ஞானோபதேசத்தில் (மறைக்கல்விப் பாடத்தில்) "மூன்று ஆட்கள்" என்றே படித்தோம். வயலுக்கு மூன்று ஆள் வேண்டும் என்கிறோமே, அதே ஆள். அதனால் மூன்று தனி மனிதர்கள் வரிசையாக நிற்பதுபோல மனத்தில் படம் விழுந்துவிடுகிறது. "பிதா தாடி வைத்தவர், சுதன் சிலுவையோடு இருப்பவர், ஆவி புறா" என்று நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலில் கடவுள் "மானிடரை நம் உருவில் உண்டாக்குவோம்" என்கிறார். எபிரேயத்தில் "நாம்", "நாங்கள்" என்ற வேறுபாடு கிடையாது. தமிழில் உண்டு, மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். "எங்கள் உருவில்" என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். "நம் உருவில்" என்றால் கேட்பவரும் உள்ளே. நம் மொழிபெயர்ப்புகள், பழையதும் புதியதும், "நம்" என்றே வைத்தன. கடவுள் யாரிடம் பேசுகிறாரோ அவரும் அந்த உருவில் பங்குள்ளவர் என்றாகிறது. அங்கே திரித்துவம்தான் (மூவொரு கடவுள்தான்) பேசுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. வானவர் அவையிடம் பேசுகிறார் என்று கொள்வாரும் உளர். திருச்சபைத் தந்தையர் பலர் அங்கே மூவரைக் கண்டார்கள். தமிழ் தனக்குத் தெரியாமலே அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது.

பாதியில் திரும்பியவன் | திங்கள், மாலை 6.30

ஐயா, "ஆள்" விஷயத்துல அந்தக் காலத்து ஆயர் புனித அகுஸ்தினாருக்கும் இதே தலைவலி. லத்தீன்ல "பெர்சோனா". அது நாடக மேடை முகமூடிக்கும் பேரு, திரும்ப கூத்து வேஷத்துல கொண்டு வந்து விடும். திரித்துவம் பத்தி 15 புத்தகம் எழுதின மனுஷன், அஞ்சாவதுல கையை விரிச்சிடறார். மூணு என்னன்னு கேட்டா மூணு ஆள்ங்கறோம், அது சரியான சொல்ங்கறதால இல்ல, ஒண்ணும் சொல்லாம வாயடைச்சு நிக்கக் கூடாதேங்கறதாலன்னு.

பேர்ணாம்பட்டு தோல் வியாபாரம் | திங்கள், இரவு 9.10

எல்லாருக்கும் ஸலாம். நான் முஸ்லிம். ஒரு கிறிஸ்தவ நண்பர் இந்த இழையை அனுப்பினார். கேட்கலாமான்னு யோசிச்சேன், கேட்டுடறேன். வாதம் பண்ண வரல.

அல்லாஹ் ஒருவன், அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லைன்னு சின்ன வயசுலேர்ந்து ஓதறோம். "கடவுளின் மகன்"னு நீங்க சொல்றப்ப எங்க காதுல என்ன விழுது தெரியுமா? கடவுளுக்குப் பொண்டாட்டி, புள்ளை, குடும்பம்னு விழுது. நாற்பது வருஷமா கிறிஸ்தவங்களோட ஒண்ணா வேலை பார்க்கிறேன். அவங்க ஒரே கடவுள்னுதான் சொல்றாங்க. அப்ப மகன்ங்கற சொல் எதுக்கு?

சத்துவாச்சாரி வாசி | திங்கள், இரவு 9.22

பாய், நல்ல கேள்வி. அறுபது வருஷமா பூசைக்குப் போறேன், எனக்கே பதில் தெரியாது.

பாதியில் திரும்பியவன் | திங்கள், இரவு 11.05

பாய், உங்க காதுல விழற அந்தக் குடும்பக் கதையை நாங்களும் ஏத்துக்கல. உடம்பால பெத்ததுன்னு எந்த விசுவாச அறிக்கையிலயும் இல்ல. யோவான் நற்செய்தி மகனை "வாக்கு"ன்னு ஆரம்பிக்குது. மனசுல ஒரு வார்த்தை பிறக்குது. மனசு வெட்டுப்படல, குறையல. வார்த்தை மனசுலேர்ந்து வருது, ஆனா மனசுக்குள்ளதான் இருக்கு. நம்ம வார்த்தை பேசினதும் காத்தோட போயிடும். கடவுள் தன்னை முழுசா அறிஞ்சு சொல்ற வாக்கு அப்படிப் போகாம, அவரைப் போலவே நிறைவா நிக்குது. அதைத்தான் மகன்னு சொல்றோம். (உதாரணம் உடையற இடம்: என் வார்த்தை என்னைத் திரும்ப நேசிக்காது. மகன் தந்தையை நேசிக்கிறார்.)

கி.பி. 325ல நீசேயாவுல சண்டை நடந்ததே இதுக்குத்தான். ஆரியுஸ், மகன் உயர்ந்தவர்தான், ஆனா படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்துச்சுன்னார். சங்கம் இல்லைன்னுச்சு. "பிறந்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர்." ஞாயிறு தோறும் வேகமா ஓட்டிடற அந்த வரிக்கு 2025ல 1700 வயசு ஆச்சு. அதைக் காப்பாத்த அத்தனாசியுஸ் அஞ்சு தடவை ஊரை விட்டுத் துரத்தப்பட்டார்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒண்ணு சொல்றேன். மேல சொன்ன அதே 1215 லாத்தரன் சங்கம், இறை இயல்பு பெறுவதும் இல்லை, பெறப்படுவதும் இல்லைன்னு எழுதி வெச்சிருக்கு. பிறப்பிக்கிறவர் தந்தை, பிறக்கிறவர் மகன், கடவுள் தன்மை ஒண்ணு, அது ரெண்டா ஆகறதில்ல. நீங்க ஓதற வசனமும் இதுவும் ஒண்ணுன்னு ஏமாத்த மாட்டேன். நம்ம ரெண்டு பேரும் பிரியற இடம் நிஜமாவே இருக்கு. ஆனா அது நீங்க நினைச்ச இடத்துல இல்ல.

பேர்ணாம்பட்டு தோல் வியாபாரம் | செவ்வாய், காலை 6.15

ஃபஜ்ர் தொழுகை முடிச்சிட்டுப் படிச்சேன். ஏத்துக்க முடியல, அதை நேராவே சொல்லிடறேன். ஆனா நீங்க சொல்லாததைச் சொன்னதா நாற்பது வருஷமா நினைச்சிருக்கேன், அது தெரிஞ்சுது. ஜஸாக்கல்லாஹ்.

ராணிப்பேட்டை சிஎஸ்ஐ | செவ்வாய், காலை 10.40

ஏன் இவ்வளவு சுத்தறீங்க? வேதத்திலேயே நேராக இருக்கிறதே. 1 யோவான் 5:7, "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." முடிந்தது விஷயம்.

பாதியில் திரும்பியவன் | செவ்வாய், பகல் 1.10

அண்ணா, அந்த வரியை மட்டும் எடுத்துட்டுப் பாய்கிட்ட போயிடாதீங்க. பழைய தமிழ் வேதாகமத்துல இருக்கு, உண்மைதான். பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள்ல இல்ல. லத்தீன் வழியா பின்னால உள்ள வந்தது. 1995ல கத்தோலிக்கரும் உங்க சபைகளும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்துல அந்த வாக்கியம் கிடையாது. நம்ம விசுவாசம் அந்த ஒரு வரியில தொங்கல. யோர்தான் இருக்கு, யோவான் 14லேர்ந்து 17 வரைக்கும் இருக்கு, பவுல் கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாம் கடிதத்தோட கடைசி வாழ்த்து இருக்கு. பூசை ஆரம்பத்துல சாமியார் சொல்றது அதைத்தானே.

ராணிப்பேட்டை சிஎஸ்ஐ | செவ்வாய், பகல் 1.45

எங்கள் ஆயரும் இதைத்தான் ஒருமுறை சொன்னார், நான்தான் நம்பவில்லை. சரி. ஆனால் "குமாரன்" என்ற சொல்லை "மகன்" என்று மாற்றியது எனக்கு இன்னும் ஒட்டவில்லை. அது தனி இழைக்கு உரியது.

அண்ணாமலை அடிவாரம் | செவ்வாய், இரவு 8.30

திருவண்ணாமலையும் 1989 வரைக்கும் வட ஆர்க்காடுதான், அந்த உரிமையில வர்றேன். நான் இந்து. பிரம்மா, விஷ்ணு, சிவன் மாதிரியான்னு கேட்க வந்தேன், மேல படிச்சதும் ஆளுக்கொரு இலாகா கதை இல்லைன்னு புரிஞ்சுது.

எங்க மலைக் குகைகள்ல 1950கள்ல ஒரு பிரெஞ்சுத் துறவி வந்து தங்கியிருந்தார். ஹென்றி லெ சோ, பெனடிக்ட் சபைக்காரர், பிற்பாடு அபிஷிக்தானந்தர்னு பேர் வெச்சுக்கிட்டார். 1949ல ரமணரைப் பார்த்தவர் மனசு இங்கேயே தங்கிடுச்சு. அடுத்த வருஷம் மோன்சானின் சாமியாரோட சேர்ந்து குளித்தலை பக்கம் காவிரிக்கரையில ஆசிரமம் ஆரம்பிச்சார். அதுக்கு வெச்ச பேரு சச்சிதானந்த ஆசிரமம். தந்தை சத் (இருப்பு), மகன் சித் (அறிவு), ஆவி ஆனந்தம். அவருக்கும் அரை நூற்றாண்டு முன்னாடியே வங்காளத்துல பிரம்மபாந்தவ் உபாத்யாய் சச்சிதானந்தத்தை வணங்கி சமஸ்கிருதத்துல பாட்டு எழுதியிருக்கார். டீச்சர் தண்ணிக்குப் பதிலா இதைச் சொல்லலாமே?

பாதியில் திரும்பியவன் | செவ்வாய், இரவு 9.15

அழகான வழி. நான் படிச்சப்ப என்னையும் இழுத்துது. ஆனா சத்தும் சித்தும் ஒண்ணையொண்ணு "நீ"ன்னு கூப்பிடறதில்ல. இயேசு தந்தையைக் கூப்பிடறார். லெ சோ சாமியாரே அந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தவிச்சார்னு அவர் நாட்குறிப்பைப் படிச்சவங்களுக்குத் தெரியும்.

அப்புறம் ஆறாம் வகுப்புக்கு சச்சிதானந்தம் கொஞ்சம் ஜாஸ்தி :)

மறைக்கல்வி டீச்சர் | புதன், காலை 5.50

எல்லாத்தையும் நோட்டுல எழுதிகினு வர்றேன், அஞ்சு பக்கம் ஆயிடுச்சு. என் வீட்டுக்காரர் "நீ சாமியாராப் போகப் போறியா"ங்கறார். படிக்கப் படிக்க என்ன சொல்லக் கூடாதுன்னு நல்லாத் தெரியுது. என்ன சொல்றதுன்னு இன்னும் தெரியல.

குடியாத்தம் தறி | புதன், இரவு 10.20

நான் படிக்காதவன் டீச்சர். லுங்கித் தறி ஓட்டறேன். தறியில உக்காந்தா மனசு சும்மா இருக்காது, அதனால இதெல்லாம் யோசிப்பேன். ஊடு, பாவு, துணின்னு ஒரு உதாரணம் வெச்சிருந்தேன். மேல படிச்சதும் அதுவும் பாகக் கணக்குல போயிடுச்சு, விடுங்க.

கடற்கரைக் கதை எல்லாரும் கேட்டிருப்பீங்க. அகுஸ்தினார் திரித்துவத்தை யோசிச்சிகினே கடலோரம் நடக்கறார். ஒரு சின்னப் பையன் மணல்ல குழி தோண்டி, சிப்பியால கடல் தண்ணியை மொண்டு மொண்டு ஊத்தறான். கடல் எப்படிடா குழியில அடங்கும்னு கேட்டா, உன் மண்டையில அது மட்டும் எப்படி அடங்கும்னு பையன் கேட்டுட்டு மறைஞ்சிடறான்.

எனக்கு அந்தக் கதையில ஒரு மனக்குறை. நான் கடலைப் பார்த்ததே முப்பது வயசுல. எங்க அம்மா பொறந்த ஊர் பள்ளிகொண்டா பக்கம், பாலாத்தங்கரை. பாலாறுன்னா தண்ணி இல்லாத ஆறுன்னு ஊரே சிரிக்கும். 2021 நவம்பர்ல கரை புரண்டு ஓடினப்போ ஜனம் பாலத்துமேல நின்னு வேடிக்கை பார்த்துச்சே, அப்படி ஒரு அதிசயம். ஆனா சின்ன வயசுல லீவுக்குப் போனா ஆயா குடத்தோட எங்களை ஆத்துக்குள்ளதான் கூட்டிப் போவும். வெறும் மணல். கையாலயே ஊத்து தோண்டுவோம். முழங்கை ஆழம் போனா மணல் ஈரமாவும். அப்பால கொஞ்ச நேரம் கை வைக்காம உக்காந்திருக்கணும். கலக்கினா சேறாயிடும், ஆயா கையிலேயே அடிக்கும். தண்ணி தானா ஊறி வந்து நிக்கும், கண்ணாடி மாதிரி. கொட்டாங்குச்சியால மொண்டு மொண்டு குடத்தை ரொப்புவோம். மொள்ள மொள்ள திரும்ப ஊறும்.

கடக்கரைப் பையன் வெளியிலேர்ந்து ஊத்திப் பார்த்தான், நிறையல. நம்ம ஊத்துல யாரும் ஊத்தறதில்ல. அடியில முன்னாடியே ஓடிகினு இருக்குது. எனக்கு செபம்னா அதான். திரித்துவம் எனக்குப் புரியல டீச்சர், பொய் சொல்லல. ஆனா உக்காந்தா ஊறுது.

இது எங்க உடையும்னு பெரியவங்க சொல்லுங்க.

ஆரணித் தமிழாசிரியர் | புதன், இரவு 10.55

தம்பி, அந்தக் கடற்கரைக் கதை அகுஸ்தினார் எழுதியவற்றில் எங்கும் இல்லை. அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் பிறந்த கதை. ஆகவே பள்ளிகொண்டாவுக்குக் குடிபெயர்த்ததில் குற்றமில்லை.

பாதியில் திரும்பியவன் | புதன், இரவு 11.30

உடையற இடத்தைத் தேடித்தான் உட்கார்ந்தேன், இன்னிக்கு மனசு வரல அண்ணா. நீங்க கடவுள் எப்படி இருக்கார்னு படம் வரையல, நமக்குள்ள எப்படி வர்றார்னு சொல்றீங்க. மறைபொருள்ங்கற சொல்லுக்கு எங்க வாத்தியார் சொல்லித்தந்ததும் இதுதான். பூட்டி வெச்ச கணக்கு இல்ல, மொள்ள மொள்ளத் தீராதது.

நிசா நகர் கிரகோரியார் 4ஆம் நூற்றாண்டுல சலிச்சுக்கிட்டு ஒண்ணு சொல்லியிருக்கார். கான்ஸ்தாந்திநோப்பிள்ல காசு மாத்தறவன்கிட்ட சில்லறை கேட்டா, பிறந்தவர் யார் பிறவாதவர் யார்னு தத்துவம் பேசறான், ரொட்டி என்ன விலைன்னா தந்தை பெரியவர் மகன் சின்னவர்ங்கறான்னு. ரெண்டு நாளா நான் இங்க பண்ணினது அதான்.

பாகாயம் இரவுப்பணி | வியாழன், அதிகாலை 3.25

டியூட்டியில இருக்கேன், இப்போ கொஞ்சம் ஓய்வு. நர்ஸ். இந்த இழையை ரெண்டு நாளா படிச்சிட்டு வர்றேன்.

சில வருஷம் முன்னாடி ஒரு பெரியவர், கடைசி நேரம். பேச்சு நின்னு ரெண்டு நாள் ஆச்சு. மகன் வெளியூர்லேர்ந்து பஸ்ல வந்துட்டு இருந்தார். சாமியார் வந்து நோயில்பூசுதல் கொடுத்துட்டு, வழியனுப்பற செபம் ஆரம்பிச்சார். கேட்டிருப்பீங்க. உன்னைப் படைச்ச தந்தையின் பெயரால, உனக்காகப் பாடுபட்ட கிறிஸ்துவின் பெயரால, உன்மேல பொழியப்பட்ட ஆவியாரின் பெயரால புறப்படுன்னு ஆன்மாவுக்குச் சொல்ற செபம். பச்சைப் புள்ளையா இருந்தப்ப மூணு தடவை தண்ணி ஊத்திச் சொன்ன அதே மூணு பேரு.

முடியறப்ப பெரியவர் கை அசைஞ்சுது. சிலுவை போடறார்னு எனக்குப் புரிய ஒரு நொடி ஆச்சு. நெத்திக்குப் போச்சு. நெஞ்சுக்கு வந்துது. அங்கேயே நின்னுடுச்சு, தோளுக்குத் தூக்க பலம் இல்ல. நான் அந்தக் கையைப் பிடிச்சு இடது தோள், வலது தோள்னு கொண்டுபோய் வெச்சேன். தந்தையும் மகனும் அவர் போட்டார், தூய ஆவியாரை என்கிட்ட விட்டுட்டார்.

நமக்கு எப்படி வேண்டறதுன்னு தெரியாதப்ப ஆவியாரே நமக்காகச் சொல்லொணாப் பெருமூச்சுகளோட வேண்டறார்னு உரோமையர் 8ல இருக்கு. அதைப் படிச்சா எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும். டீச்சர், பசங்க சிலுவை போடறதைப் பாருங்க, ஈ ஓட்டற மாதிரி போடுவாங்க. நானும் அப்படித்தான் போட்டுட்டு இருந்தேன்.

பெல் அடிக்குது, போறேன்.

சத்துவாச்சாரி வாசி | வியாழன், காலை 6.40

சிஸ்டர், காலையிலேயே அழ வெச்சுட்டீங்க.

மறைக்கல்வி டீச்சர் | ஞாயிறு, பகல் 12.30

இப்பதான் வகுப்பு முடிச்சு வந்தேன். சாப்பிடாம எழுதறேன்.

ஃபிளாஸ்க் எடுத்துட்டுப் போகல. போன வாரம் சொன்ன தண்ணி உதாரணம் எங்க தப்புன்னு மொதல்ல நானே சொன்னேன். கூத்து, வேஷம்னு சொன்னதும் பசங்களுக்குச் சட்டுனு பிடிபட்டுச்சு, எனக்குத்தான் அஞ்சு பக்கம் தேவைப்பட்டுச்சு. யோர்தான் காட்சியை நடிக்க வெச்சேன். தந்தையோட குரலுக்கு ஒருத்தனைத் தூணுக்குப் பின்னால நிறுத்தினேன். அவன் தாத்தா குரல்ல பேசி எல்லாத்தையும் கெடுத்துட்டான்.

ஊத்துக் கதை சொன்னேன். பாதிப் பேர் பாலாத்துல ஊத்து தோண்டிப் பார்த்ததே இல்லயாம். வீட்ல கேன் தண்ணி.

கடைசியா, ஒரு சிலுவை அடையாளத்தை ஒரு நிமிஷம் முழுக்கப் போடுங்கன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் போட்டாங்க. நெத்தியில கையை வெச்சுட்டு நின்னாங்க, நெஞ்சுல வெச்சுட்டு நின்னாங்க. பாகாயம் சிஸ்டர், உங்களை நினைச்சுக்கிட்டேன். தாழ்வாரத்துல ஃபேன் சத்தம் தவிர ஒண்ணும் கேட்கல.

அப்ப பின்னால உக்கார்ற ஒரு பொண்ணு, எப்பவும் வாயே திறக்காது, கையைத் தூக்கிச்சு. "மிஸ், தந்தை, மகன், தூய ஆவியார், மூணு பேர் இருக்காங்க. அப்புறம் ஏன் 'பெயராலே'? 'பெயர்களாலே'ன்னுதானே வரணும்? எங்க ஸ்கூல் அட்டெண்டன்ஸ் நோட்டுல 'மாணவர் பெயர்கள்'னுதான் போட்டிருக்கு."

முப்பத்தஞ்சு வருஷமா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்றேன். ஒரு தடவைகூட எனக்குத் தோணல. பதில் சொல்லல, அடுத்த வாரம் பார்க்கலாம்னுட்டேன். ஃபாதர் இன்னிக்கும் கதவோரம்தான் நின்னுட்டு இருந்தார், அவரும் ஒண்ணும் சொல்லல.

பாதியில் திரும்பியவன் | ஞாயிறு, பகல் 12.52

தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால திருமுழுக்குக் கொடுங்கன்னு இயேசு சொல்ற மத்தேயு 28:19ஐ கிரேக்கத்துல எடுத்துப் பார்த்தேன் டீச்சர். அங்கயும் ஒருமைதான்.